கோரிக்கை நாலாவது பாராவுல இருந்துச்சு

பழைய_டெஸ்க்:

பதினோரு வருஷம் ஒரு தினசரியில நைட் டெஸ்க்ல சப் எடிட்டரா இருந்தேன். வேலைய விட்டு ரொம்ப நாளாச்சு, ஆனா ஒரு ராத்திரி மட்டும் இன்னும் மனசுல முள்ளு மாதிரி கெடக்கு, அத இங்க எறக்கி வச்சிடலாம்னு எழுதுறேன்.

தூய்மைப் பணியாளர்கள் அஞ்சு மாச சம்பள பாக்கி கேட்டு ரோட்டுல உக்காந்த செய்தி. நிருபர் எழுதி அனுப்பினது நல்லாவே இருந்துச்சு. மொத பாராவுல எங்க, எத்தன பேரு. ரெண்டாவதுல வண்டியெல்லாம் எவ்ளோ தூரத்துக்கு நின்னுச்சு. மூணாவதுல போலீஸ் பேச்சுவார்த்தை. நாலாவதுல தான் சம்பளம், யாருக்கு எத்தன மாசம், எத்தன தடவ மனு குடுத்தாங்க, எல்லாம். ஒம்பதரை மணிக்கு ஒரு விளம்பரம் வந்து விழுந்துச்சு, பக்கத்துல பாதி போச்சு. எடம் பத்தலன்னா கீழருந்து வெட்டுறது டெஸ்க்ல எல்லாருக்கும் கை பழகின வேலை, யோசிக்கவே மாட்டோம். வெட்டினேன். தலைப்பும் போட்டேன்: 'சாலை மறியலால் ஒரு மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு'.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸுக்குள்ள நுழையுறேன், ரிசப்ஷன்ல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க, கையில எங்க பேப்பர் மடிச்சு வச்சிருக்காங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பையன படிக்கச் சொல்லிருக்காங்க. ரெண்டு தடவ படிக்கச் சொன்னாங்களாம், அவன் ஏதோ வரிய விட்டுட்டான்னு நெனச்சு. "தம்பி, நாங்க எதுக்கு உக்காந்தோம்னு இதுல எங்க இருக்கு?"ன்னு தான் கேட்டாங்க, சத்தம் போடல, திட்டல. அந்தப் பையன் எதையும் விடல, விட்டது நான்.

இதுல ஒரு பொய்யும் இல்ல பாருங்க. ஒரு மணி நேரம் ட்ராஃபிக் நின்னது நெஜம். ஊடகம் போராட்டத்த கெடுக்குதுன்னு பேசுறப்போ எல்லாரும் பொய்ச்செய்தி, விலைபோன சேனல்னு பேசுறோம், அதெல்லாம் இருக்கு தான், ஆனா நான் உள்ள இருந்து பாத்தது வேற. எது மொதல்ல வருது, எது கடைசியில வருதுங்கற வரிசை தான் பாதி வேலைய முடிச்சிடுது. எத்தன பேரு, யாருக்கு எடஞ்சல், யாரு கல்லெறிஞ்சா, எத்தன பேரு கைது, இந்த நாலு கேள்விக்கு அப்புறம் தான் 'ஏன்'ங்கற கேள்வியே வருது. ஆய்வாளர்கள் இதுக்கு 'ப்ரொட்டஸ்ட் பாரடைம்'னே பேரு வச்சிருக்காங்க, பல நாட்டுப் பத்திரிகைகள்ல திரும்பத் திரும்ப இதே அச்சு தான் வந்திருக்கு.

வேற துறையில இருக்கறவங்க என்ன பாத்திருக்கீங்கன்னு தெரிஞ்சுக்கணும்.

—

ட்ரைபாட்:

அண்ணே, நான் டிவி கேமராமேன். உங்களுக்கு நாலு பாரா, எங்களுக்கு நாப்பது செகண்டு, அவ்ளோ தான் வித்தியாசம்.

ஒரு தடவ காலையில எட்டு மணில இருந்து மதியம் ஒண்ணு வரைக்கும் ஒரு போராட்டத்துல நின்னேன். அஞ்சு மணி நேரம் ஜனங்க வெயில்ல உக்காந்து ஒவ்வொருத்தரா எந்திரிச்சு அவங்கவங்க நிலம் போன கதைய சொல்றாங்க, ஒரு பெரியவர் பட்டாவ நெஞ்சோட அணச்சுக்கிட்டு பேசினாரு, அதெல்லாம் எடுத்து அனுப்பினேன். டெஸ்க்ல இருந்து ஃபோன், "விஷுவல் என்ன இருக்கு?". அனுப்பிட்டேனே சார்னேன். "அது பைட்டு, விஷுவல் கேக்குறேன்". ஆளு பேசறது பைட்டு, ஏதாவது நடக்கறது தான் விஷுவல். பன்னெண்டே முக்காலுக்கு ரெண்டு பசங்க ஒரு டயர கொளுத்தினாங்க, பெரியவங்களே ஓடிப்போய் மண்ணள்ளிப் போட்டு அணச்சுட்டாங்க, மொத்தம் ஒரு நிமிஷம் கூட இல்ல. அன்னிக்கு ராத்திரி வரைக்கும் ஓடினது அந்த டயர் தான், லூப்ல, கீழ ஸ்க்ரோல். அணச்சதையும் நான் எடுத்திருந்தேன், அது போகல.

இதுல இன்னொரு பக்கமும் இருக்கு, சொல்லிடறேன். அடுத்த வாரம் வேற எடத்துல ஒரு அமைப்புக்காரர் எங்கிட்ட வந்து "சார், எத்தன மணிக்கு லைவ் போறீங்க, அப்போ கொளுத்தறோம்"னாரு. எது கேமராவுக்குப் புடிக்கும்னு அவங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. கேமரா போராட்டத்த பதிவு மட்டும் பண்ணல, அதுக்கு நடக்கச் சொல்லிக் குடுக்குது.

—

குறுக்குக்கேள்வி:

ரெண்டு பேரு சொன்னதும் மனச தொடுது, ஆனா ஒரு பக்கம் தான் வருது. ஊடகம் இல்லன்னா பல போராட்டம் செத்தே போயிருக்கும்.

1930 மே 21, குஜராத்ல தராசனா உப்புக் கிடங்கு. காந்தி அப்பவே ஜெயில்ல. சரோஜினி நாயுடு தலைமையில ரெண்டாயிரத்துக்கும் மேல தொண்டர்கள் வரிசை வரிசையா போறாங்க, தடியடி விழ விழ அடுத்த வரிசை போகுது, யாரும் கைய தூக்கித் தடுக்கக்கூட இல்ல. யுனைடெட் பிரஸ்ங்கற அமெரிக்கச் செய்தி நிறுவனத்தோட நிருபர் வெப் மில்லர் அங்க நின்னாரு. அவரு அனுப்பின தந்திய தடுக்கப் பாத்தாங்க, ஆனாலும் போய்ச் சேந்துச்சு, உலகம் பூரா ஆயிரத்துக்கும் மேற்பட்ட பத்திரிகைகள்ல வந்துச்சு. அந்த ஒரு ஆளு அங்க இல்லன்னா அன்னிக்கு மண்டை ஒடஞ்சவங்க கதை அந்த எடத்த தாண்டியிருக்காது.

1965 மார்ச் 7, அமெரிக்காவுல செல்மாங்கற ஊரும் அப்படித்தான். கறுப்பின மக்களோட ஓட்டுரிமைக்காக அறுநூறு பேரு பாலத்த தாண்டுறாங்க, போலீஸ் அடிக்குது, ஏபிசி சேனல் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஓடிக்கிட்டிருந்த படத்த நிறுத்திட்டு அந்தக் காட்சிய போட்டுச்சு, கோடிக்கணக்கான பேரு வீட்டுல உக்காந்து பாத்தாங்க. எட்டு நாள்ல ஜனாதிபதி ஜான்சன் நாடாளுமன்றத்துல வந்து பேசுறாரு, ஆகஸ்ட் 6ல வாக்குரிமைச் சட்டத்துல கையெழுத்து. அதே ஊடகம் தானே இதையும் செஞ்சுச்சு?

—

பழைய_டெஸ்க்:

மறுக்கவே மாட்டேன் தோழர், இது மேல நான் நெறய நாள் யோசிச்சிருக்கேன். அங்க ஏன் கோரிக்கை வெட்டுப்படல?

என் பதில் இது. உப்பு எடுக்கக் கூடாதுங்கறான், உப்பு எடுக்கப் போறாங்க. அந்தப் போறதுலயே கோரிக்கை இருக்கு. 1960 பிப்ரவரி 1, அமெரிக்காவுல கிரீன்ஸ்பரோவுல நாலு கறுப்பின மாணவர்கள் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த சாப்பாட்டு மேசையில போய் உக்காந்தாங்க. போட்டோவுல அவங்க உக்காந்திருக்கறத காட்டினாலே எதுக்கு உக்காந்தாங்கன்னு தெரிஞ்சிடும். காட்சியும் கோரிக்கையும் ஒண்ணா கெடக்கு, எந்த சப் எடிட்டர் கத்தரி எடுத்தாலும் ஒண்ண மட்டும் தனியா வெட்ட முடியாது. சாலை மறியல்ல அப்படி இல்ல. சம்பள பாக்கிக்கும் மறியல் தான், தண்ணி வரலன்னாலும் மறியல் தான், கொலைக்கு நியாயம் கேட்டாலும் மறியல் தான். படத்துல தெரியறது நின்னு போன வண்டி மட்டும்.

நான் மறியல் தப்புன்னு சொல்ல வரல. எத்தனையோ மனு குடுத்தும் ஒருத்தனும் திரும்பிப் பாக்காதப்போ தான் ரோட்டுக்கு வர்றாங்க, ரோட்டுக்கு வந்தா தான் நாங்களே நிருபர அனுப்புவோம், வந்ததுக்கு அப்புறம் ரோட்டப் பத்தி மட்டும் எழுதுவோம். இந்தக் கண்ணி தான் எனக்கு வலிக்குது.

ஓமர் வாஸோன்னு ஒரு பேராசிரியர் 2020ல ஒரு ஆய்வு வெளியிட்டாரு, அறுபதுகள்ல அமெரிக்காவுல நடந்த கறுப்பின மக்கள் போராட்டங்களப் பத்தி. அமைதியா போனவங்க மேல அரசு வன்முறை பாஞ்சப்போ செய்தியில 'உரிமை'ங்கற பேச்சு மேல வந்துச்சு, போராட்டக்காரங்க பக்கமிருந்து வன்முறை ஆரம்பிச்சப்போ பேச்சு 'கலவரம், சட்டம் ஒழுங்கு'ன்னு மாறிடுச்சு, அது ஓட்டு வரைக்கும் போய் எதிரொலிச்சுதுங்கறாரு. ட்ரைபாட் சொன்ன டயரும் இந்தக் கதை தான்.

—

தாழ்வாரம்:

இத படிக்கறப்போ எனக்குக் கோவம் தான் வருது. அடி வாங்கினா தான் நல்ல செய்தி, ஒரு பையன் ஆத்திரத்துல கல்ல எடுத்தா மொத்தக் கூட்டமும் ரவுடி. இந்தப் பரீட்சைய போலீசுக்கு யாரு வைக்கிறா? அதனால தான் எங்க தலைமுறை உங்க டெஸ்க்க நம்பாம கையில ஃபோன எடுத்துச்சு.

2013ல துருக்கியில, இஸ்தான்புல்ல கெஸி பூங்காவுல ஆயிரக்கணக்கான பேரு கண்ணீர்ப் புகையில நிக்கறாங்க, சிஎன்என் இண்டர்நேஷனல் நேரலையா காட்டுது, அதே பேருல ஓடற சிஎன்என் துர்க் பெங்குவின் டாக்குமெண்டரி போட்டுக்கிட்டிருக்கு. மக்கள் ரெண்டு டிவிய பக்கத்துல பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து பரப்பினாங்க, பெங்குவினே அந்தப் போராட்டத்தோட சின்னமாயிடுச்சு.

இன்னும் கிட்டத்துல வாங்க. 2020 மே 25, அமெரிக்காவுல மினியாபொலிஸ். ஜார்ஜ் ஃப்ளாய்ட்ங்கற கறுப்பினத்தவர் செத்த அன்னிக்கு போலீஸ் விட்ட அறிக்கையோட தலைப்பு என்ன தெரியுமா, போலீஸ் நடவடிக்கையின்போது மருத்துவக் கோளாறால் ஒருவர் மரணம்ங்கற மாதிரி தான் இருந்துச்சு. ஒரு போலீஸ்காரர் அவரு கழுத்துல முட்டிய வச்சு அழுத்தினது அதுல இல்ல. 17 வயசுப் பொண்ணு ஒண்ணு ரோட்டோரமா நின்னு ஃபோன்ல எடுக்கலன்னா அந்த அறிக்கை தான் மறுநாள் பேப்பர்ல ஒரு சின்னப் பத்திச் செய்தியா வந்து முடிஞ்சிருக்கும். அடுத்த வருஷம், பத்திரிகைத் துறைக்குக் குடுக்கற புலிட்சர் விருதோட குழு அந்தப் பொண்ணுக்கு தனிப் பாராட்டு குடுத்துச்சு.

அண்ணே, நீங்க நாலாவது பாராவ வெட்டினீங்க. அங்க மொத பாராவையே போலீஸ் எழுதிக் குடுத்துச்சு.

—

பழைய_டெஸ்க்:

கடைசி வரிய பத்து தடவ படிச்சேன் தம்பி. நெஜம். ராத்திரி பதினோரு மணிக்கு டெட்லைன் நெருக்குறப்போ கையில இருக்கறது போலீஸ் சொன்னது ஒண்ணு தான், மறுபக்கம் யாருக்கு ஃபோன் போடறதுன்னே தெரியாது, நம்பர் இருக்காது. "போலீசார் தெரிவித்தனர்"னு போட்டு எத்தன செய்தி அனுப்பிச்சிருப்பேன்னு கணக்கில்ல.

—

மழைக்காலம்:

தாழ்வாரம், உங்க கோவம் எனக்குப் புரியுதுப்பா, ஆனா ஃபோன முழுசா நம்பினவ நான், அதனால சொல்றேன். ரெண்டு வருஷம் ஒரு சின்ன இயக்கத்துல வேலை பாத்தேன். ஒரு நாள் எங்க வீடியோ ஒண்ணு எங்கயோ போய் பத்திக்கிச்சு, ஒரே ராத்திரியில வாட்ஸ்அப் குழுவுல இருநூறு பேரு, மறுநாள் ஆயிரம், அடுத்த குழு ஆரம்பிக்க வேண்டியதாயிடுச்சு, எங்களுக்கு தல கால் புரியல. ஆனா பத்தாவது நாள் குழுவுல என்ன ஓடிக்கிட்டிருந்துச்சுன்னா யாரு அட்மின், யாரு எந்தக் கட்சி, யாரு எந்த ஸ்க்ரீன்ஷாட்ட வெளிய விட்டா. கோரிக்கைய பத்தி ஒரு மெசேஜ் தேட நான் மேல மேல தள்ளிக்கிட்டே போனேன், மூணு நாளைக்கு முந்தி கெடந்துச்சு. பேப்பர்ல சப் எடிட்டர் வெட்டினாரு, இங்க எங்களுக்கு நாங்களே வெட்டிக்கிட்டோம். எது ஆத்திரத்த கெளப்புதோ அதுக்குத் தான் அம்பது ரிப்ளை வருது, மனு நகலுக்கு ஒரு தம்ஸ் அப் கூட வராது.

ஸெய்னெப் துஃபெக்சிங்கற சமூகவியலாளர் இதத்தான் பேசுறாங்க, இணையத்தால கூட்டம் சட்டுனு கூடிடுது, ஆனா கூடறதுக்கு முன்னாடி சேந்து உழைச்சு வர்ற அந்தப் பழக்கம் இல்லாமயே கூடிடுது, அதனால மொத நெருக்கடியிலயே என்ன முடிவெடுக்கறதுன்னு தெரியாம நின்னுடறாங்கன்னு.

நான் அமெரிக்காவுல கறுப்பின மக்கள் நடத்தின மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்ப பத்திப் படிச்சப்போ அழுதுட்டேன். 1955 டிசம்பர் 1 சாயங்காலம், பஸ்ல வெள்ளைக்காரருக்கு எடம் விட மறுத்த ரோசா பார்க்ஸ கைது பண்றாங்க. அன்னிக்கு ராத்திரியே ஜோ ஆன் ராபின்சன்னு ஒரு கல்லூரி ஆசிரியை, கூட ரெண்டு மாணவர்கள், காலேஜ்ல இருந்த சைக்ளோஸ்டைல் மிஷின்ல விடிய விடிய சுத்தி பல்லாயிரம் நோட்டீஸ் போட்டாங்க. என்ன நடந்துச்சு, திங்கக்கிழமை பஸ்ல ஏறாதீங்க, அவ்ளோ தான் விஷயம். அங்க மொத வரியையும் அவங்களே எழுதினாங்க, கடைசி வரியையும் அவங்களே எழுதினாங்க. ஞாயித்துக்கிழமை ஊர்ப் பத்திரிகை மொத பக்கத்துலயே அந்தச் செய்திய போட்டுச்சு, நோட்டீஸ் கெடைக்காதவங்களுக்கும் அதுல தெரிஞ்சு போச்சு. அப்புறம் 381 நாளு. காரு ஏற்பாடு, எந்த முக்குல யாரு நிக்கணும், ராத்திரி கூட்டம், எல்லாம் கையால நடந்துச்சு. ஒரு நோட்டீஸ ஒரு வீட்டுல குடுக்கும்போது அந்த மூஞ்சிய பாக்குறோம்ல, குழுவுல லிங்க் போடறப்போ அது இல்லப்பா.

—

தாழ்வாரம்:

ஏத்துக்கறேன் அக்கா. ஆனா அதே ஃபோன் இல்லன்னு ஆக்கிட்டா என்ன ஆகுதுன்னும் பாருங்க. எகிப்துல 2011 ஜனவரி 28ல நாடு பூரா இணையத்த அடச்சாங்க, அஞ்சு நாளு. என்ன நடக்குதுன்னு வீட்டுல உக்காந்து தெரிஞ்சுக்க முடியல, பிள்ளைங்க எங்கன்னு தெரியல, அதனாலயே ரோட்டுக்கு எறங்கினவங்க நெறய. பிப்ரவரி 11ல அதிபர் முபாரக் பதவிய விட்டுப் போயாச்சு. 2025 செப்டம்பர்ல நேபாளத்துல சமூக ஊடகங்கள தடை பண்ணினாங்க, இளைஞர்கள் ரோட்டுக்கு வந்துட்டாங்க, மொத நாளே சுட்டாங்க, அடுத்த நாள் பிரதமர் ராஜினாமா. அப்புறம் அதே பசங்க டிஸ்கார்ட்ங்கற அரட்டைச் செயலியில ஆயிரக்கணக்குல கூடி அடுத்து யாரு வரணும்னு விவாதிச்சாங்க. அது வெறும் கோவம்னு தள்ளிட முடியாது.

—

குறுக்குக்கேள்வி:

போராட்ட நாள மட்டுமே பேசிக்கிட்டிருக்கோம், மீதி நாளு? சின்சினாட்டி போஸ்ட்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை 2007 கடைசி நாளோட நின்னு போச்சு. அது கவனிச்சு எழுதிக்கிட்டிருந்த சின்ன ஊர்கள்ல அதுக்கப்புறம் உள்ளாட்சித் தேர்தல்ல நிக்கறவங்க கொறஞ்சாங்க, ஓட்டுப் போடறவங்களும் கொறஞ்சாங்கன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்து சொன்னாங்க. வார்டு கூட்டத்துல போய் பின் பெஞ்சில உக்காந்து குறிப்பெடுக்கற ஒரு நிருபர் இல்லன்னா அந்தக் கூட்டமே நடக்காத மாதிரி தான்.

ஃபேஸ்புக்கும் சும்மா இல்ல. 2010 நவம்பர் அமெரிக்கத் தேர்தல் அன்னிக்கு 6 கோடிக்கும் மேல ஆளுங்களுக்கு 'நான் ஓட்டுப் போட்டேன்' பட்டன காட்டி சோதனை பண்ணினாங்க, கூடவே ஓட்டுப் போட்ட நண்பர்களோட மூஞ்சிய காட்டினாங்க. அதனால மூணு லட்சத்துக்கும் மேல கூடுதல் ஓட்டு விழுந்திருக்கும்னு மதிப்பிட்டு 2012ல வெளியிட்டாங்க. நல்லது தானேன்னு தோணும். ஆனா அந்தப் பட்டன யாருக்குக் காட்டணும், யாருக்குக் காட்டக் கூடாதுன்னு முடிவு பண்றது ஒரு கம்பெனி. பழைய_டெஸ்க் வெட்டினா மறுநாள் ஒரு அம்மா பேப்பர எடுத்துக்கிட்டு ஆபீஸ் வாசலுக்கு வர முடிஞ்சுது. இங்க எந்த ரிசப்ஷன்ல போய் உக்காருவாங்க?

—

ட்ரைபாட்:

அந்தக் கேள்வி பெருசு சார். எனக்குத் தெரிஞ்சு அதுக்கு நெருக்கமா யாராவது ஏதாவது பண்ணிருக்காங்கன்னா மூணு வேளாண் சட்டத்த எதிர்த்து டெல்லி எல்லையில உக்காந்த விவசாயிங்க தான். டிவி விவாதத்துல அவங்கள என்னென்னமோ சொன்னாங்க, 2020 டிசம்பர்ல அங்க இருந்த இளைஞர்கள் 'ட்ராலி டைம்ஸ்'னு சொந்தமா பத்திரிகை ஆரம்பிச்சாங்க, பஞ்சாபியிலயும் இந்தியிலயும். போராட்டத்துக்கு வந்தவங்க கையிலயே குடுத்தாங்க. ஒரு வருஷம் உக்காந்திருந்தாங்கல்ல, கேமரா வந்தப்பவும் உக்காந்திருந்தாங்க, போனப்பவும் உக்காந்திருந்தாங்க. நடுவுல 2021 ஜனவரி 26 செங்கோட்டைக்குள்ள கூட்டம் புகுந்த காட்சி தான் பல நாள் லூப்ல ஓடுச்சு, அப்போ முடிஞ்சுது கதைன்னு என் கூட வேலை பாக்கறவங்களே சொன்னாங்க. ஆனா நவம்பர் 19ல அந்த மூணு சட்டத்தையும் வாபஸ் வாங்கறோம்னு அரசாங்கம் அறிவிச்சுது.

—

மழைக்காலம்:

எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள், இது விவாதமில்ல, உதவி. நாங்க இப்போ சின்னதா பதினஞ்சு பேரு இருக்கோம். எங்க பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரியில டாக்டர் கெடையாது, பிரசவ வலியோட வர்றவங்கள திருப்பி அனுப்பறாங்க. அடுத்த வாரம் போராட்டம்னு முடிவு, காலையில பத்து மணிக்கு மெயின் ரோட்டுல மறியல்னு பேசி வச்சிருக்கோம். பத்திரிகைக் குறிப்பு எழுதிருக்கேன், மொத வரி இது:

'மக்கள் நலன் கருதி பல்வேறு கோரிக்கைகளை வலியுறுத்தி மாபெரும் சாலை மறியல் போராட்டம் நடைபெற உள்ளது.'

அண்ணே, தயவு பண்ணி பாத்து சொல்லுங்க.

—

பழைய_டெஸ்க்:

'பல்வேறு கோரிக்கைகள்'னு எழுதினா டெஸ்க்ல இருக்கறவனுக்கு அப்பவே கத்தரி கையில வந்துடும் அம்மா. 'மாபெரும்' வேணாம், பதினஞ்சு பேருன்னா பதினஞ்சுன்னே இருக்கட்டும். ஒரே ஒரு கோரிக்கை, அது மொத வரியில. இப்படி:

'இரவில் மருத்துவர் இல்லாததால் கடந்த மாதம் இத்தனை கர்ப்பிணிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். இரவுப் பணிக்கு ஒரு மருத்துவரை நியமிக்கக் கோரி 15 பேர் சுகாதார நிலையம் முன் அமர்கின்றனர்.'

எண்ணிக்கைய நீங்களே வீடு வீடா போய் எடுங்க, தேதியோட, சம்மதம் குடுத்தவங்க பேர தனியா வச்சுக்குங்க, நிருபர் கேட்டா அவங்ககிட்ட நேரா பேச வைங்க. ஒரு எண்ணு கூட தப்பா இருக்கக் கூடாது, ஒண்ணு தப்புன்னா மீதி எல்லாத்தையும் அத வச்சே தள்ளிடுவாங்க. கீழ உங்க ஃபோன் நம்பர், ராத்திரி பதினொண்ணு வரைக்கும் எடுக்கற மாதிரி.

இன்னொண்ணு. டாக்டர் இல்லாதது ராத்திரி. நீங்க ஏன் காலையில பத்து மணிக்கு ரோட்டுல உக்காரணும்?

—

மழைக்காலம்:

அய்யோ, ஆமாண்ணே. இது எங்க பதினஞ்சு பேருல ஒருத்தருக்கும் தோணல.

ராத்திரி பத்து மணிக்கு சுகாதார நிலையத்து கேட்டுக்கு வெளிய. திருப்பி அனுப்பினதுல மூணு பேரு கைக்கொழந்தையோட வர்றோம்னு இப்போ தான் சொன்னாங்க. உள்ள வர்ற நோயாளிக்கு வழி விட்டு ஓரமா உக்காருவோம்.

—

ட்ரைபாட்:

அக்கா, ராத்திரின்னா வெளிச்சம் பாத்துக்குங்க. கேட்டுல போர்டு இருக்கும்ல, '24 மணி நேர சேவை'ன்னு, அது ஃப்ரேம்ல வர்ற மாதிரி உக்காருங்க, போர்டு மேல யாராவது டார்ச் அடிச்சுப் புடிக்கணும், இல்லன்னா படத்துல ஒண்ணும் தெரியாது. பின்னாடி டாக்டர் ரூம் கதவு பூட்டிருந்தா அதுவும் தெரியட்டும். எந்த நாளுன்னு சொல்லுங்க, எங்க டெஸ்க் அனுப்பினாலும் அனுப்பலன்னாலும் நான் வர்றேன்.